கூரை போடுபவரும் இடிபாடு தேடுபவரும்

1816ஆம் ஆண்டு ஒக்டோபரில் தானியேல் பூவர், எட்வர்ட் வாரன் என்ற இரண்டு அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் வந்து இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தவை கூரை இழந்த ஒரு பழைய தேவாலயமும் அதனருகே பாழடைந்து நின்ற ஒரு குருமனையும். அவர்களை அனுப்பியது 1810இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மிஷனரிச் சங்கம். அதே சங்கம் மூன்று ஆண்டுகள் கழித்து, 1819இல், லீவை பார்சன்ஸ், பிளினி ஃபிஸ்க் என்ற வேறு இருவரைப் பலஸ்தீனத்துக்கு அனுப்பியது. நால்வரும் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து அண்டோவர் இறையியல் கல்லூரியின் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். ஒரே வேதாகமத்தை ஒரே முறையில் படித்தவர்கள். ஆனால் பழைய கல்லைக் கண்டபோது அவர்களின் பணிகள் இரண்டு திசைகளில் பிரிந்தன. பலஸ்தீனத்துக்குப் போனவர்களின் வழிவந்தோர் இடிபாட்டைத் தேடி நடப்பதை ஒரு அறிவுத்துறையாகவும் பிறகு ஒரு பக்தி முறையாகவும் ஆக்கினார்கள். தெல்லிப்பழைக்கு வந்தவர்கள் இடிபாட்டுக்குள்ளேயே குடியேறி அதற்குக் கூரை போட்டார்கள். இந்த வேறுபாட்டை ஆட்களின் குணத்தைக் கொண்டு விளக்க முடியாது. இடிபாடு எப்போது யாத்திரைத் தலமாகிறது, யாருக்கு ஆகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் எண்ணம்.

முதலில் தெல்லிப்பழைக் கல்லின் கதை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த பின், குடாநாட்டைக் கோவிற்பற்றுகளாகப் பிரித்து ஊருக்கு ஊர் தேவாலயங்களை எழுப்பினார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து கட்டிய தடித்த சுவர்கள் அவை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். பலிபீடங்களும் சுரூபங்களும் அகற்றப்பட்டன. கட்டடங்கள் மட்டும் சீர்திருத்த சபைக்குக் கைமாறின. அந்நாளில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட பெருநூலில் தெல்லிப்பழை உட்பட வலிகாமத்தின் தேவாலயங்கள் பலவற்றின் செப்புத்தகட்டுப் படங்களைச் சேர்த்திருக்கிறார். 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்த சபைக்கு அரச ஆதரவு போயிற்று. ஓதுவதற்குப் பாதிரி இல்லை, கூரையைப் பார்க்கச் சம்பளக்காரர் இல்லை. அரசு உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் தங்கள் பழைய கோயில்களுக்குத் திரும்பினார்கள். ஒரு தலைமுறைக்குள் தெல்லிப்பழைத் தேவாலயம் வெறுஞ்சுவராயிற்று. அந்தச் சுவரைத்தான் ஆளுநர் பிரவுண்றிக்கின் அரசு அமெரிக்கருக்குப் பயன்படுத்தக் கொடுத்தது. வட்டுக்கோட்டையில் மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ் என்ற மற்ற இருவருக்குக் கிடைத்ததும் இதே நிலையிலான கட்டடமே.

பூவர் அந்தச் சுவர்களுக்குள் என்ன செய்தார் என்பது தெரிந்த கதை. 1816 முடிவதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கியது. இன்றைய யூனியன் கல்லூரி தன் பிறப்பை அந்த ஆண்டில்தான் வைத்துக் கணக்கிடுகிறது. 1818இல் வாரன் நோயுற்று நன்னம்பிக்கை முனையில் இறந்தார். 1821இல் பூவரின் மனைவி சூசன் தெல்லிப்பழையிலேயே இறந்தார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி, 1834இல் மானிப்பாய் அச்சகம், 1841இல் உதயதாரகைப் பத்திரிகை எனப் பணி விரிந்தது. இந்த வளர்ச்சி முழுவதிலும் அந்தப் பழைய கல் அவர்களுக்குப் பயன்பாட்டுப் பொருளாகவே இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக மூன்று ஆட்சிகளின் கிறிஸ்தவ வரலாற்றைத் தாங்கிய இடம் அது. அங்கே முழந்தாளிட யாரும் தொலைவிலிருந்து நடந்து வரவில்லை. மிஷனரிமாரும் அப்படி யாரையும் அழைக்கவில்லை.

இதே காலத்தில் மத்தியதரைக் கடலோரத்தில் நடந்ததைப் பார்ப்போம். பார்சன்ஸ் 1821 பெப்ரவரியில் ஜெருசலேமை அடைந்து, அடுத்த ஆண்டே அலெக்சாந்திரியாவில் இறந்தார். ஃபிஸ்க் 1825இல் பெய்ரூத்தில் இறந்தார். ஆனால் பெய்ரூத் நிலையம் நிலைத்தது. மானிப்பாயில் அச்சகம் தொடங்கிய அதே 1834இல் மோல்ற்றாவிலிருந்து அறபு அச்சகம் பெய்ரூத்துக்கு வந்தது. அந்த நிலையத்தின் மிஷனரியான எலை ஸ்மித், அண்டோவரில் ஆசிரியராயிருந்த எட்வர்ட் றொபின்சனோடு சேர்ந்து 1838இல் ஒரு நெடும் பயணம் செய்தார். மார்ச் மாதம் கெய்ரோவிலிருந்து ஒட்டகங்களில் புறப்பட்டு, சீனாய் வனாந்தரத்தைக் கடந்து, ஏப்ரலில் ஜெருசலேமை அடைந்து, பிறகு யூதேயா மலைநாட்டையும் கலிலேயாவையும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கையில் திசைகாட்டியும் வேதாகமமும் இருந்தன; தூரத்தைப் பயண மணிக்கணக்கால் அளந்தார்கள். மடங்களின் துறவிகள் காட்டும் புனித இடங்களை நம்புவதில்லை, ஊர் அறபு மக்களின் வாயிலிருந்தே இடப்பெயர்களைக் கேட்பது என்று இருவரும் விதி வகுத்துக்கொண்டார்கள். அனாத்தா என்ற சிற்றூரில் எரேமியாவின் ஆனதோத்தையும், பெய்த்தீனில் யாக்கோபின் பெத்தேலையும், முக்மாஸில் சவுலின் காலத்து மிக்மாசையும் அவர்கள் கண்டது அப்படித்தான். 1841இல் நூலாக வந்த இந்த ஆய்வே வேதாகமத் தொல்லியலின் அடித்தளம் என்று இன்றும் கொள்ளப்படுகிறது. அவர்கள் எப்போதும் சரியாகவும் இருக்கவில்லை. தெல் ஹூமில் யூத ஜெபாலயம் ஒன்றின் எச்சத்தைச் சரியாக அடையாளம் கண்ட றொபின்சன், கப்பர்நகூம் அங்கேதான் இருந்தது என்பதை ஏற்காமல் வேறோர் இடத்தைச் சொன்னார். பின்வந்த ஆய்வு அவரைத் திருத்தியது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். இடிபாடு தன்னளவில் யாரையும் நடக்க வைப்பதில்லை. அதை யாத்திரைத் தலமாக்குவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அந்த இடத்தைப் பற்றிய ஒரு நூல் யாத்திரிகரின் கையில் இருக்க வேண்டும், அவர் அந்த இடத்துக்கு அந்நியராகவும் இருக்க வேண்டும். நூலும் தொலைவும் சேரும் இடத்தில் கல் பேசத் தொடங்குகிறது. தொலைவு இல்லாத இடத்தில், அதாவது அந்த மண்ணில் விளைச்சலும் சாவீடும் பள்ளிக்கூடமும் நடத்த வேண்டியவருக்கு, அதே கல் கூரைக்குக் காத்திருக்கும் சுவர். தெல்லிப்பழைக்கு வந்த பூவரும் அமெரிக்கர்தான், அந்நியர்தான். ஆனால் அவர் கையிலிருந்த நூலில் தெல்லிப்பழை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் இருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

இதற்கு எதிராக முதலில் எழக்கூடிய மறுப்பு, புரட்டஸ்தாந்து மதம் யாத்திரையையே ஏற்பதில்லையே என்பது. உண்மைதான். லூதரும் கல்வினும் புனித இடங்களுக்கு நடந்து புண்ணியம் தேடுவதைக் கடுமையாகக் கண்டித்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு யாத்திரை என்பது உள்ளத்தில் நடப்பது. ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஒரு கதை வடிவம் கிடைத்தது. அது பலமுறை தமிழானதும், அதைத் தழுவிப் பாளையங்கோட்டைக் கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை வெளியிட்டதும் தமிழ்க் கிறிஸ்தவர் அறிந்தவை. யாழ்ப்பாணத்து மிஷனரிமார் கீரிமலைத் தீர்த்தத்துக்கும் கதிர்காமத்துக்கும் போகிறவர்களை நோக்கி எழுதிய கண்டனங்கள் இதே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் போகும் வழி தெல்லிப்பழையை ஒட்டியே செல்வதால் யாத்திரிகர் கூட்டம் அவர்கள் கண்முன்னே தான் நடந்துபோயிற்று. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்தில் சொன்ன பதில் கூர்மையானது: நீங்கள் பழிக்கும் ஆலயச் சடங்குகளுக்கு ஒத்தவை உங்கள் வேதாகமத்திலேயே நிறைந்து கிடக்கின்றனவே என்று எடுத்துக் காட்டினார். பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. யாத்திரையைக் கண்டித்த மரபேதான் இடிபாட்டு யாத்திரையைப் படைத்தது. ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், குறிப்பாக ஜேர்மன் பல்கலைக்கழகங்களில், வேதாகமத்தின் வரலாற்று உண்மை கேள்விக்குள்ளாயிற்று. புவியியலாளர்கள் பூமியின் வயதை நீட்டிக்கொண்டு போனார்கள். திருச்சபையின் பரம்பரைச் சாட்சியை ஏற்காதவருக்கு வேதாகமம் ஒன்றே ஆதாரம். அந்த ஆதாரமும் அசைந்தால் கல்லைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். றொபின்சனே ஜேர்மனியில் படித்தவர், அந்த ஐயங்களை நேரில் கேட்டவர். எனவே புனித மண்ணைத் தொட்டுப் பாவம் போக்குவது அவரது நோக்கமல்ல. ஆனதோத் என்ற பெயர் எரேமியாவின் நூலிலும் இருக்கிறது, இதோ இந்த மேட்டிலும் இருக்கிறது என்று காட்டுவதே நோக்கம். முழந்தாளிடுவதற்குப் பதில் அளவெடுப்பது. அதிலும் ஒரு பக்தி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வில்லியம் தொம்சன் என்ற பெய்ரூத் மிஷனரி 1859இல் வெளியிட்ட, நிலத்தையும் வேதநூலையும் இணைத்து எழுதிய நூல் அமெரிக்க வீடுகளில் பெருவழக்காயிற்று. பார்க்க முடியாதவர்கள் அதைப் படித்தார்கள். வசதி உள்ளவர்கள் கப்பலேறினார்கள்.

இரண்டாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். கிறிஸ்தவர்கள் வேதாகம இடங்களுக்கு நடப்பது புதிதா என்ன? போர்தோ நகரத்து யாத்திரிகர் ஒருவர் 333இலேயே போயிருக்கிறார். எகேரியா என்ற பெண் 381 முதல் 384 வரை எகிப்து, சீனாய், ஜெருசலேம் என நடந்து தன் சகோதரிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தச் சாட்சியை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் வேண்டியதில்லை. எகேரியாவின் கடிதத்தைக் கவனித்துப் படித்தால் அவர் ஒவ்வொரு இடத்திலும் செய்வது ஒன்றே: வேதாகமத்தில் அந்த இடத்துக்கு உரிய பகுதியை வாசிக்கச் செய்து கேட்கிறார், ஒரு சங்கீதம் பாடப்படுகிறது, ஜெபம் நடக்கிறது. நூல் கையில் இருக்கிறது. ரோமப் பேரரசின் மேற்கு எல்லையிலிருந்து வந்தவர் என்பதால் தொலைவும் இருக்கிறது. அவருக்கும் றொபின்சனுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் கேட்ட ஆட்களில் இருக்கிறது. எகேரியாவை அழைத்துப் போனவர்கள் அங்கேயே வாழ்ந்த துறவிகள். அவர் சென்றவை வழிபாடு நடக்கும் இடங்கள். துறவிகளை நம்பாத றொபின்சன் பெயர்களுக்காக ஊராரிடம் போனார், பெயர் கிடைத்ததும் கல்லிடம் போனார். அந்தக் காலத்திலேயே இந்த யாத்திரையை ஐயத்தோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். நீசாவின் கிரகோரி, இடம் மாறுவதால் கடவுள் அருகே வந்துவிடுவதில்லை என்ற கருத்தில் ஒரு கடிதமே எழுதினார். பெத்லெகேமிலேயே குடியிருந்த ஜெரோம், ஒரு நண்பரை வரச் சொல்லியும் இன்னொருவரிடம் பிரித்தானியாவிலிருந்தும் பரலோகம் அதே தூரம்தான் என்ற பொருள்படச் சொல்லியும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார். முரண்பாடு என்று சிரிக்கலாம். உள்ளூரில் வாழ்பவருக்கும் வர நினைப்பவருக்கும் ஒரே இடம் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றும் கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பே மிக வலியது. தெல்லிப்பழையின் மௌனம் புரட்டஸ்தாந்து மௌனம். யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் இன்றும் நடக்கிறார்களே என்று கேட்கலாம். நடக்கிறார்கள். எங்கே நடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தெல்லிப்பழையிலிருந்து தொலைவில்லாத சில்லாலை, ஒல்லாந்தரின் அடக்குமுறைக் காலத்தில் கத்தோலிக்கத்தைக் கைவிடாத ஊர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகளார் அங்கே தங்கி, இரவில் வீடு வீடாகச் சென்று பூசை ஒப்புக்கொடுத்தார். பிறகு புத்தளம் போய், 1692இல் கண்டியை அடைந்து, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் நடந்த நடை நெடுநடைதான், ஆனால் அது மக்களைத் தேடிய நடை. மடுவின் கதை இன்னும் தெளிவு. 1670ஐ ஒட்டி மாந்தையைச் சேர்ந்த சில கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனதாகவும், யாழ்ப்பாணத்திலிருந்து ஓடியவர்கள் அவர்களோடு சேர்ந்ததாகவும் மரபு சொல்கிறது. மருதமடு அப்படி உண்டானது. ஆடியிலும் ஆவணியிலும் வரும் பெருவிழாக்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தால் நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. நடந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் மாந்தையில் கைவிடப்பட்ட சுவர்களை நோக்கி நடக்கவில்லை. சுவர்களை விட்டு எது தப்பி வந்ததோ அதை நோக்கி நடந்தார்கள். 2008இல் போர் நெருங்கியபோது அதே சுரூபம் மீண்டும் தூக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மக்கள் போகும் இடத்துக்குப் புனிதமும் கூடவே போகிறது என்ற இந்த மரபில் இடிபாட்டுக்கு இடமில்லை. ஆகவே சபை வேறுபாடு காரணமன்று. சங்கானையில் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தின் முருகைக்கற் சுவர் இன்றும் நிற்கிறது. அங்கே கத்தோலிக்கரும் பாதயாத்திரை போவதில்லை, தென்னிந்தியத் திருச்சபையாரும் போவதில்லை.

கிறிஸ்தவத்துக்கு வெளியே ஒரு சான்றும் உண்டு. உடுவிலுக்கும் தெல்லிப்பழைக்கும் கிட்டடியில் உள்ள கந்தரோடை, யாழ்ப்பாணத்தின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. உடுவில் பள்ளியில் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்கள், ரோமப் பேரரசின் காலத்திலேயே உலகோடு வணிகம் செய்த அந்த ஊரின் பக்கத்தில் நடமாடின. அவர்களின் சங்கத்தவர் பலஸ்தீனத்தில் ஒவ்வொரு மேட்டையும் அளந்துகொண்டிருந்த காலம் அது. கந்தரோடையின் பௌத்தத் தூபிகளை வெளிக்கொணரப் பெரிதும் முயன்றவர் போல் பீரிஸ். யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாகத் தென்னிலங்கையிலிருந்து வந்தவர்; நாகதீபத்தைப் பற்றிப் பேசும் மகாவம்சத்தைப் படித்தவர். 1917 முதல் அவர் எழுதியவற்றில் நூலும் தொலைவும் மீண்டும் ஒன்று சேர்ந்ததைக் காண்கிறோம். பின்னர் யாழ்ப்பாணத்து அறிஞர்களே ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் செய்த ஆய்வுகளைக் காட்டி, உள்ளூரார் இடிபாட்டைக் காண்பதில்லை என்பது தவறு என்று சொல்லலாம். காண்கிறார்கள், பலவேளை வெளியார் தவறவிட்டதையும் காண்கிறார்கள். ஆனால் அது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் போதும். யாத்திரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.

இன்றைய நடையாளர்களுக்கு வருவோம். 2007இல் மாவோஸ் இனோன் என்ற இஸ்ரேலியரும் டேவிட் லான்டிஸ் என்ற அமெரிக்கரும் நாசரேத்திலிருந்து கப்பர்நகூம் வரை சுமார் 65 கிலோமீற்றருக்கு ஒரு நடைவழியை உருவாக்கினார்கள். இயேசு பாதை என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் 2011-12இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஜெருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்கு முதலில் 20,000 ரூபாயும் பின்னர் 37,000 ரூபாயும் உதவித்தொகை வழங்கியிருக்கிறது. பெரும்பாலோர் பேருந்தில் சுற்றுகிறார்கள், சிலர் நடக்கிறார்கள். பேருந்தைவிட நடை மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கால்நடையில் ஊர்கள் குறுக்கிடும்; காப்பிக் கடையில் உட்கார வேண்டிவரும்; இன்று அங்கே வாழ்பவர்களிடம் வழி கேட்க வேண்டிவரும். றொபின்சனும் ஸ்மித்தும் அதைத்தான் செய்தார்கள், அவர்களது வெற்றியின் பாதி அதில்தான் இருந்தது. ஆனால் நடை மட்டும் போதுமா? இயேசு பாதையின் முதல் நாளிலேயே செப்போரிஸ் இடிபாடு வரும். தரைச்சித்திரங்களுக்குப் பெயர்போன ரோமானிய நகரம் அது. அதன் மேல் சஃபூரியா என்ற அறபுக் கிராமம் 1948 ஜூலை வரை இருந்தது. அதன் மக்களில் ஒரு பகுதியினர் இன்று நாசரேத்தில், யாத்திரிகர் நடையைத் தொடங்கும் அதே நகரில், தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு பகுதியில் வாழ்கிறார்கள். நூலின் காலத்தைச் சேர்ந்த, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய நகரம் யாத்திரிகரின் கண்ணுக்குப் படுகிறது. அந்தக் காலத்தைச் சேராத ஊர் படாமல் போகிறது. காலும் கண்ணும் ஒரே வழியில் போவதில்லை.

இந்தப் பார்வைக் குறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கஃபர் பிர்இம் உதாரணம். லெபனான் எல்லையை ஒட்டிய இந்த மரோனைட் கிறிஸ்தவ ஊரில் பழைய யூத ஜெபாலயம் ஒன்றின் முகப்பு நிற்கிறது. 1852இல் தன் இரண்டாவது பயணத்தில் றொபின்சன் அதை வந்து பார்த்து விவரித்திருக்கிறார். 1948 நவம்பரில், சில நாள்களுக்கு மட்டும் என்று சொல்லி, இஸ்ரேலிய இராணுவம் ஊராரை வெளியேற்றியது. 1953 செப்டெம்பரில் வீடுகள் வான்வழி குண்டுவீச்சில் தகர்க்கப்பட்டன. தேவாலயம் மட்டும் தப்பியது. இன்று அந்த இடம் ஒரு தேசியப் பூங்கா. வருவோர் ஜெபாலயத்தைப் பார்க்க வருகிறார்கள். ஊராரும் அவர்களின் பிள்ளைகளும் தேவாலயத்துக்கு வருகிறார்கள், திருமணமும் அடக்கமும் அங்கே நடத்துகிறார்கள், திரும்பிக் குடியேறக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே வளவுக்குள் இரண்டு இடிபாடுகள்: ஒன்று வந்து பார்ப்பவருக்கு, மற்றது உரியவருக்கு.

வலிகாமம் வடக்கைச் சேர்ந்த வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் தெல்லிப்பழை, மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்த பின் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. எல்லாக் காணியும் விடப்படவில்லை. திரும்பியவர்கள் பற்றை மூடிய சுவர்களையும் கூரையற்ற கோயில்களையும் கண்டார்கள். 1816இல் பூவர் கண்டதும் ஏறக்குறைய அதுவே. அவர்கள் செய்ததும் பூவர் செய்ததுதான்: துப்புரவு செய்தார்கள், கூரை போட்டார்கள், பள்ளிக்கூடத்தை மீண்டும் தொடங்கினார்கள். அந்தச் சுவர்கள் நினைவுச்சின்னமாக நிற்கட்டும் என்று புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வருகிறவர் சிலருக்குத் தோன்றலாம். அங்கேயே படுத்தெழ வேண்டியவருக்குத் தோன்றுவது அரிது. இதில் சைவ, கிறிஸ்தவ வேறுபாடும் இல்லை. அதே 1990 ஜூனில் கப்பர்நகூமில் பேதுருவின் வீடு என்று கொள்ளப்படும் இடிபாட்டின் மேல் பிரான்சிஸ்கன் சபையார் ஒரு புதிய ஆலயத்தை அபிஷேகம் செய்தார்கள். தூண்களில் உயர்த்திய கட்டடம் அது. நடுவே கண்ணாடித் தளம். மேலிருந்து குனிந்து கீழே உள்ள கல்லைப் பார்க்கலாம். அங்கும் கூரைதான், ஆனால் இடிபாடு இடிபாடாகவே இருப்பதற்காகப் போட்ட கூரை.

இந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூரை போடுபவர் சான்றை அழிக்கிறார். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் மாற்றினார்கள், ஒல்லாந்தர் விட்டதை அமெரிக்கர் திருத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டுத் தெல்லிப்பழைத் தேவாலயம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர் இன்று பால்டேயஸின் 1672 நூலைத்தான் திறக்க வேண்டும். கல்லைக் கல்லாகவே மதிக்கும் அந்நியரின் கண் இல்லாவிட்டால் கந்தரோடைத் தூபிகள் இன்னும் பனங்காணிக்குள் கிடந்திருக்கலாம். எனவே இடிபாட்டைத் தேடி நடப்பவரைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. கப்பர்நகூமுக்கு நடக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் அங்கே அந்நியர். தன் ஊர்ச் சங்கானைச் சுவரின் முன்னால் உரியவர். முதலாவதுக்கு வேண்டிய நூல் அவரிடம் இருக்கிறது. இரண்டாவதுக்கு வேண்டிய நூலை, அதாவது வலிகாமத்தின் பழைய தேவாலயங்கள் ஒவ்வொன்றையும் சுவர் சுவராக அளந்து, கத்தோலிக்கர், ஒல்லாந்தர், அமெரிக்கர் மூவரின் ஆவணங்களோடும் வைத்து எழுதிய முழுமையான ஒரு விவரணத்தை, யாழ்ப்பாணத்துத் திருச்சபைகள் சேர்ந்து எழுதுவிக்கலாம். முருகைக்கல் மழையில் கரையும் கல்; சங்கானையில் அளப்பதற்கு இன்னும் சுவர் இருக்கிறது.